தொப்புளுக்கு இடப்புறம் இரண்டு விரல்

கரியமாணிக்கம்,
14.10.2024, திங்கட்கிழமை.

குவைத்தில் வாழும் அன்பு மகள் செல்வகுமாரிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலமென்று எழுத இன்றுதான் மனம் துணிகிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாயிருக்க இறைவன் அருள்வானாக. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் இருப்பாள், ஆகையால் கடிதம். அவளுக்கு இன்சுலின் தொடங்கியது 03.06.2024 அன்று. தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள் என்று மருத்துவமனையில் காட்டினார்கள், அன்று காட்டியது இடப்புறம். அந்த இடத்தையே விதியாகக் கொண்டு, காலையும் மாலையும் விரல் வைத்து அளந்து, இம்மியும் பிசகாமல் நான்கு மாதம் போட்டு வந்தேன். வலிக்கிறது என்றாள், நான் அதட்டினேன். 05.10.2024 சனிக்கிழமை, செத்தாலும் சாவறேன், இந்த மனுசன் கையால ஊசி வாணாம் என்று அறையைத் தாழிட்டுக்கொண்டாள். நான்கு நாள் ஊசியில்லை. 09.10.2024 அன்று அதே மருத்துவமனை நர்ஸ் ஆரோக்கியசெல்வியை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவள் குரலுக்குத்தான் கதவு திறந்தது, சோதித்ததில் சர்க்கரை 380. வயிற்றைத் தடவிப் பார்த்தால் எலுமிச்சை அளவு கட்டி. இன்னா ஐயா, நாலு மாசமா ஒரே எடத்துல குத்திக்கினு கீறீங்களே, இது இன்னா கையெழுத்துப் போடுற எடமா என்று கேட்டாள். கட்டியில் போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராதாம். அந்த இடத்தைத் தொடாமல் வயிறு, தொடை என்று மாற்றி மாற்றி, விரலளவு தள்ளித் தள்ளிப் போட வேண்டுமாம். ஒவ்வொரு முறையும் புது ஊசி, மருந்தையும் பிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு போடலாகாதாம். புது இடத்தில் மருந்து வேகமாய்ச் சேரும், சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும் என்று மருத்துவமனை டாக்டர் அன்றே அளவைக் குறைத்துக் கொடுத்தார், நாள்தோறும் பார்த்து வருகிறோம், இன்று காலை 162. முதலில் ஒரு வெறும் ஊசியை உங்க தொடையில குத்திக்கினு பாருங்க என்றாள் நர்ஸ். குத்தினேன். என் முகம் போன போக்கைப் பார்த்து, இதுக்கே கண்ண மூடிக்கினா எப்பிடி என்று உன் அம்மா நான்கு நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் பட்ட நான்கு மாத வலி அப்போதுதான் எனக்கு உறைத்தது, மகளே. இப்போது இடத்தை அவளே சொல்கிறாள், அவள் காட்டுமிடத்தில் போடுகிறேன். இன்று காலை வலது தொடை. போட்டு முடித்து ஊசியை டப்பாவில் போடும்போது, இன்னும் குத்தலியா என்று கேட்டாள்.

உனக்கும் நாற்பதாகிறது, 31.10.2024க்குள் சர்க்கரை பார்த்துவிட்டு எனக்குத் தெரிவி. எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வீ. உலகநாதன்