குனிந்து பார்த்த அளவு

என்னங்க,

மார்பை மறுபடி வைக்கும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. அளவையும் நானே முடிவு செய்துவிட்டேன்.

"பழையபடியே இருக்கட்டும்" என்று போனில் சொன்னீர்கள். அதை நம்பி, போன வருஷம் இரண்டு மார்பையும் எடுத்த பிறகு நான் பிடித்துத் தைத்திருந்த ஒன்பது சட்டைகளையும் பிரித்து, பழைய அளவுக்கே விட்டுவைத்திருந்தேன். தையல்காரி புத்தி!

டாக்டரம்மா பெட்டியிலிருந்து பழைய அளவு சிலிக்கான் மாதிரியை எடுத்து பிராவுக்குள் வைத்துக் கண்ணாடி முன் நிறுத்தினார். நிமிர்ந்து நின்றால் அழகுதான். ஆனால் நான் என்ன நின்றுகொண்டா பிழைக்கிறேன்? நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு, மிஷினில் உட்காருவதுபோல் குனிந்து பார்த்தேன். இரண்டு கையும் அதில் இடித்தது.

"இத வச்சுக்கிட்டு நாள் முழுக்கத் தைக்க முடியாது டாக்டர். சின்னதா குடுங்க."

"வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறீங்களா?"

"அவரா வந்து தைக்கப் போறாரு?"

விழுந்து விழுந்து சிரித்தார். பெட்டியில் இருந்ததிலேயே சின்ன மாதிரி, குனிந்தாலும் நிமிர்ந்தாலும் கச்சிதமாக இருந்தது. அதற்கே எழுதச் சொல்லிவிட்டேன். ஒன்பது சட்டைகளையும் மறுபடி பிடித்தாயிற்று.

இன்னொன்று. இந்த ஒரு வருஷத்தில் நீங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம், நான் சட்டை மாற்றும் நேரம் பார்த்து உங்களுக்கு வாசலில் ஏதோ வேலை வந்துவிடுகிறது. நான் ஏன் என்று கேட்டதில்லை. இனியும் கேட்கப் போவதில்லை.

அடுத்த முறை வாசல் வேலையை எல்லாம் முடித்துவிட்டே உள்ளே வாருங்கள்.

உங்கள் வீட்டுத் தையல்காரி