கிக்கில் குத்து இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. போனில் பேசினால் பாதியில் அவர் வந்துவிடுவார் என்றுதான் காகிதத்தை எடுத்தேன். முகவரி உன் அக்கா கொடுத்தாள். விளம்பரங்களுக்கு இசை போடும் இடத்தில் சேர்ந்திருக்கிறாயாம், ஆள் பாதியாகிவிட்டாயாம். சமைக்கச் சோம்பல்பட்டு பிஸ்கட்டிலேயே காலம் தள்ளாதே.

பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "சித்தப்பா" என்று கூப்பிட்டால் காற்றுதான் வருகிறது. எப்போது வருவாய் என்று கேட்கிறாள். வேலை முடிந்ததும் வருவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் சொல்வதில் நான் தேறிவிட்டேன்.

நீ கிளம்பிய அன்று நான் அடுக்களையில்தான் இருந்தேன். புதுப் பாட்டில், கிக் என்பீர்களே, அந்த டிரம் அடியைப் பற்றி நீங்கள் பேசியதெல்லாம் காதில் விழுந்தது. "அண்ணே, கிக்குல குத்து இல்ல, சும்மா வீங்கிக் கிடக்கு" என்று நீ எவ்வளவு தன்மையாகச் சொன்னாய். அதற்கு அவர், செவிட்டுப் பயலோடு உட்கார்ந்து தன்னால் பாட்டுப் போட முடியாது என்றார். ஒன்பது வருஷம் ஒரே மேசையில் வேலை பார்த்தவனைச் சொல்கிற சொல்லா அது? நான் வெளியே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அதன் பிறகு நான்கு மாதம் அந்த ஒரு கிக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டுக் கேட்டு எனக்கே பாதி வேலை வந்துவிட்டது. முதலில் மேசையை நகத்தால் சுண்டுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு கனத்து உப்பும் வயிறு, பிறகு இழுத்து அடங்கும் வால். உன் அண்ணன் வயிற்றை மட்டும் ஏற்றிக்கொண்டே போனார். ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு கிக்கை அடுக்கினார். அடுக்களை அலமாரியில் தம்ளர்கள் நடுங்கின. கீழ்வீட்டுத் தையல்காரர் படியேறி வந்து, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று முறையிட்டார். உன் அண்ணனோ, அடி இன்னும் பத்தவில்லை என்றார்.

போன மாதம் அந்தப் பாட்டை நடன அரங்கில் போட்டார்கள். நானும் போயிருந்தேன். அதுவரை ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் இந்தப் பாட்டு வந்ததும் மழைக்கு ஒதுங்குவது போலச் சுவரோரம் போய்விட்டார்கள். அடி விழவே இல்லை, தம்பி. கிக்கும், அதோடு ஓடும் பேஸ் என்ற கீழ்ச்சுருதியும் ஒன்றோடொன்று குழைந்து, நனைந்த மெத்தையை இழுத்துப் போவது போல ஒரே இரைச்சல். அரங்கின் சவுண்டுக்காரர் கனத்த கீழ்ச்சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார். "ஏன் குறைக்கிறான்? இருக்கிறதே கொஞ்சம்தானே" என்று என்னைக் கேட்டார் உன் அண்ணன். வீம்புக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தேன். வாஷிங் மெஷினில் துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டு, மெஷின் தடதடவென்று குதித்து வாசற்படி வரை நகர்ந்து வந்திருந்தது. கையெட்டும் தூரத்தில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிறுத்தக்கூடாதா என்று கேட்டேன். "ஓடுதா என்ன?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குக்கர் விசில் அவருக்குக் கேட்கும். பாப்பா ரகசியமாகச் சர்க்கரை டப்பாவைத் திறந்தால்கூடக் கேட்கும். அதனால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? இடையிடையே தலை சுற்றுகிறது என்பார், பித்தம் என்று விட்டுவிட்டோம்.

சளி என்று சாக்குச் சொல்லித்தான் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் உள்ளே அவர் பொத்தானை அமுக்க வேண்டும், வெளியே விளக்கு எரியும். மெல்லிய கீச்சுச் சத்தங்களுக்கெல்லாம் உடனுக்குடன் எரிந்தது. கனத்த கீழ்ச்சத்தங்களுக்கு வந்ததும் நின்றுவிட்டது. பரிசோதனை செய்த பெண் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விரலைப் பொத்தான்மேல் வைத்தபடி, இன்னும் தொடங்கவில்லை போல என்று காத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு காதிலும் கீழ்ச்சத்தம் போய்விட்டதாம். அந்தத் தலைசுற்றலும் காதால்தானாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இருப்பதையாவது காப்பாற்றலாம், போனது திரும்புவது சந்தேகம்தான் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். நீ போகும் முன் அதே பாட்டுக்குச் செய்து வைத்துவிட்டுப் போனாயே ஒரு கிக், அதுவரை அதை அவர் திறக்கவே இல்லை. இரண்டையும் போட்டு, எனக்கு எப்படிக் கேட்கிறது என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? உன்னுடையது நெஞ்சில் ஒரு குத்துக் குத்திவிட்டு உடனே போய்விடுகிறது, அது விழும்போதெல்லாம் பேஸ் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுகிறது என்றேன். அவருடையது எப்படி என்று கேட்டார். வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்றேன். சிரிப்பார் என்று நினைத்துச் சொன்னேன். ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்து இரண்டையும் மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு, "பய சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார். உனக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் கேட்டார். நான் செய்து கொடுக்கவில்லை.

இப்போது ஸ்பீக்கர்களுக்குப் போர்வை போர்த்திவிட்டார். என் அண்ணனுடைய கிடங்கில் சரக்கு வந்தால் எண்ணி எழுதும் வேலைக்குப் போகிறார். போனால் போகிறார், வந்தால் வருகிறார். பாப்பா பாட்டுப் போடச் சொன்னால் நாளைக்கு என்கிறார். அரங்கில் அந்தப் பாட்டைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று இன்னும் சொல்லவில்லை. அதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் சொன்னதை நீ மறக்க வேண்டாம், தம்பி. மறக்கக் கூடிய சொல் இல்லை அது. வேலையை விட்டு வா என்று கேட்கவும் எனக்கு வாய் இல்லை. ஆனால் அவர் விரலுக்கு இன்னும் எல்லாம் தெரியும், பக்கத்திலிருந்து கேட்டுச் சொல்லத்தான் ஆளில்லை. நான் சொன்னால் அடுக்களைக்காரி பேச்சாகத்தான் இருக்கும். என்னால் முடிந்த மட்டும் சொல்லிப் பார்க்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். அங்கே சத்தத்தைக் குறைத்து வைத்தே வேலை செய். உன் காதுகளை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள், ராசா.

இப்படிக்கு,
உன் அண்ணி