அப்பாவின் காலுக்கு ஒரு பால்கனித் தரை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பாவும் நலம், அவருடைய முன்கோபம் எங்கள் இரண்டு பேரையும்விட நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். அது என் முதல் கவலை. இரண்டாவது கவலை பால்கனி. போன வாரம் போனில் நீ, ஏதாவது ஒரு பெயின்டை அடிச்சு முடிங்கம்மா, இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா என்று சிரித்தாய். எனக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, ஆனால் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், என்னத்தைச் சொல்வது? அதனால்தான் இந்தக் கடிதம், பொறுமையாகப் படி.

மழையில் அப்பா பால்கனியில் வழுக்கி விழுந்தது உனக்குத் தெரியும். எலும்பு முறியவில்லை, நல்லவேளை என்று நாமும் அதோடு விட்டுவிட்டோம். உனக்குத் தெரியாதது என்னவென்றால், அன்றைக்கு உள்ளே வந்தவர் அதற்குப் பிறகு அந்தக் கதவைத் தாண்டவே இல்லை. பக்கவாதம் வந்து இடது கால் இழுக்க ஆரம்பித்த பிறகும்கூட எழுந்ததும் அவருக்குப் பால்கனிதான், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, எதிரே ரொட்டிக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவதிலிருந்து யார் வண்டியை எங்கே நிறுத்துகிறார்கள் என்பது வரை எல்லாவற்றுக்கும் ஒரு கருத்துச் சொன்னால்தான் அவருக்கு டீ இறங்கும். இப்போது கூடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், வெளியில என்ன புதுசா நடக்குது என்கிறார். இப்படிக் கேட்கிற ஆளா உன் அப்பா? அவருக்குப் பயம், பயம் என்று சொல்ல வெட்கம். காலை மாற்ற நம்மால் முடியாது, தரையையாவது மாற்றிப் பார்ப்போமே என்றுதான் நான் இதில் இறங்கினேன்.

இறங்கிய பிறகுதான் தெரிகிறது, ஒரு கான்கிரீட் தரைக்குள் இத்தனை விஷயமா! பழைய பளபளப்புப் பெயின்டுதான் ஈரத்தில் எண்ணெய் கொட்டினதுபோல ஆகிவிடுகிறது என்று பெயின்டர் தம்பி முழுவதையும் சுரண்டி எடுத்தார். கம்பி ஓரத்தில் இருக்கிற விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கிக் கீழ்வீட்டு டீச்சர் வீட்டு சீலிங்கும் ஊறிப் போயிருக்கிறது, அதற்கும் சேர்த்து ஒரே பூச்சாகப் பூசிவிடலாம் என்றார். என் புத்தியைக் கேள், ஒரு ஆள் வேலைக்கு வருகிறார், தரை அழுக்காக இருந்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று முதல் நாளும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன், அவர் வருகிற அன்று காலையிலும் ஒரு வாளி ஊற்றித் துடைத்து வைத்தேன். மேலே காய்ந்துதான் இருந்தது. அவரும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூசினார். வெயில் ஏறியதும் சுடுதண்ணீர் பட்ட தோலைப்போலக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. அவர் பெயின்ட் கம்பெனியைத் திட்டினார், கடைக்காரர் அவரைத் திட்டினார், நான் வாளியை எடுத்து உள்ளே மறைத்து வைத்தேன். பிறகு மனசு கேட்காமல் நானே சொல்லிவிட்டேன். அந்தத் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு, நான் பூசற வரைக்கும் நீங்க தண்ணிக் குழாய்ப் பக்கமே போகக் கூடாது அக்கா என்று கும்பிட்டார்.

அப்புறம் ஒரு வேலை செய்தார் பார், எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கொப்புளம் விட்ட பூச்சையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு பாலிதீன் துண்டைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் பார்த்தால் அதற்கு அடியில் பொடிப்பொடியாக நீர்த்துளி. மேலே ஒரு சொட்டுக்கூட நான் ஊற்றவில்லை, தரை தானாக வியர்த்திருக்கிறது! குடித்ததையெல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறதாம். காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் போய் அந்தப் பாலிதீனைத்தான் பார்ப்பேன். நான் அங்கேயே குந்திக் கிடப்பதைப் பார்த்துவிட்டு அப்பா, என்ன அங்கே, புதையலா என்று ஒருநாள் கேட்டார். நீங்களே வந்து பாருங்கள் என்றேன். வரவில்லை.

அடியில் சொட்டு இல்லாமல் போன பிறகு, அவசரப்பட வேண்டாம், மாதிரி பார்த்துவிட்டுத்தான் முழுசும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். துணி ஆலையில் சாயம் சோதிக்கிற மேஜையில் காலம் தள்ளியவள் நான், ஒரு துண்டு வெட்டித் தண்ணீரிலும் சோப்பிலும் முக்கித் தேய்த்துப் பார்க்காமல் எந்தத் துணியையும் நகர விட்டதில்லை, தரைக்கு மட்டும் என்ன? தரையில் கட்டம் கட்டமாக அடிக்க வைத்தேன். ஒன்று கண்ணுக்கே தெரியாத பூச்சு, பூசினதா என்றே சந்தேகம் வரும், ஆனால் தண்ணீர் தெளித்தால் உள்ளே போகாமல் உருண்டு நிற்கும், நான் அதை ஊதி ஊதி விளையாடிக்கொண்டிருந்தேன். ஆனால் அது விரிசலை மூடாதாம். அதற்கு ரப்பர் மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, வாளி ஓரத்தில் காய்ந்துபோன துண்டை உரித்து அந்தத் தம்பி இழுத்துக் காட்டினார், இழுபட்டுத் திரும்பிச் சுருங்கியது, அப்பா உள்ளே இருந்தபடி கழுத்தை நீட்டிப் பார்த்ததை நான் ஓரக்கண்ணால் கவனித்தேன். ஆனால் அது ஈரத்தில் வழுக்கும், அதனால் பூச்சு காய்வதற்குள் மேலே மணல் தூவ வேண்டும். நைசு மணல், நடுத்தரம், பருமணல் என்று மூன்று கட்டம் போட்டோம். காய்ந்ததும் சோப்புத் தண்ணீர் ஊற்றி (தம்பியிடம் அனுமதி வாங்கித்தான்) வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். பருமணல் கெட்டியாகப் பிடித்தது. அதையே போடுங்கள் என்று சொல்லியும் அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் வாசலைப் பெருக்கும்போது அப்பாவின் செருப்பை நகர்த்தினேன், இடது செருப்பின் நுனி சாய்வாகத் தேய்ந்து கிடந்தது. எனக்குச் சுருக்கென்றது. நான் தூக்கி வைத்து நடக்கிறவள், அவர் இழுத்து நடக்கிறவர், என் காலுக்கா தரை பார்த்தோம்? அந்தச் செருப்பையே மாட்டிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்துக் கட்டங்களின் மேல் போனேன். பருமணலில் நுனி மாட்டி முகம் குப்புற விழப் பார்த்தேன். எதிரே ரொட்டி வாங்க நின்றவர்களெல்லாம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்கட்டும் என்று மறுபடியும் போனேன். அப்போது கூடத்திலிருந்து ஒரு சத்தம், நிறுத்து, என்ன கூத்து இது, நானா இப்படி நடக்கிறேன்? பின்னே எப்படியாம் என்றேன் திரும்பாமலே. குடிச்சவன் மாதிரி ஆடுற, நான் இழுத்தாலும் நேரா இழுக்கிறேன், செருப்பைக் கழட்டு என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

கழற்றிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கதவைத் தாண்டிக் காலை வைத்தார் குட்டிம்மா. பருமணலில் நுனி மாட்டியது, நான் கையை நீட்டினேன், தொடாதே என்றார். நைசு மணலில் குதிகால் துளி நகர்ந்தது, முகத்தைச் சுளித்தார். நடுத்தரத்தில் போனார், திரும்பினார், வந்தார், மறுபடியும் போனார். இதுதான், மத்ததெல்லாம் சும்மா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்தவர் தெருவைப் பார்த்து, ரொட்டிக்கடைக்காரன் போர்டையே மாத்திட்டான், ஒரு வார்த்தை சொன்னியா நீ என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே ஓடிவந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

பருமணல் வேண்டாம், நடுத்தரம் என்று தம்பியிடம் மாற்றிச் சொல்லிவிட்டேன், நாளை வேலை ஆரம்பம். பூசினால் நன்றாகக் காய்கிற வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாது என்றார் பெயின்டர். அப்பாவோ ஒரே பேச்சாக, என்னால உள்ள உட்கார முடியாது என்றுவிட்டார். அதனால் பாதி இப்போது, அது காய்ந்ததும் மீதிப் பாதி. ஓரத்தை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிப் பூசினால் தண்ணீர் இறங்காது, ஆனா நடுவுல கோடு தெரியுமே அக்கா, எனக்குத்தான் கெட்ட பேர் என்று அந்தத் தம்பிக்கு ஒரே வருத்தம். தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உன் குளியலறைத் தரையையும் ஒருமுறை ஈரக்காலோடு நின்று பார்த்துக்கொள், மாப்பிள்ளையை விட்டுப் பார்க்காதே, நீயே பார். நான் நடந்து காட்டியதை எழுதினேன் என்று அப்பாவிடம் மூச்சு விடாதே. இரண்டு பேரும் நூறு வயது நிறைவாக வாழ வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உங்களோடு. இன்னொன்று, இனிமேல் காலையில் கூப்பிட்டால் கொஞ்ச நேரம் மணி அடிக்க விடு, எடுக்கவில்லை என்று பதறி வைத்துவிடாதே. போன் கூடத்தில் இருக்கும், நாங்கள் வெளியிலிருந்து வர வேண்டும்.

உன் அன்பு
அம்மா