மேல் நட்டு முதலில்

அழுகிய முட்டை நாற்றம் வீடு முழுக்க அடிக்கிறது. வேனின் பின் அச்சிலிருந்து இன்று வடித்த பழைய எண்ணெய். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் தலைமுடியில் இதுதான் வீசும். இரண்டு முறை சீயக்காய் போட்டாலும் போகாது. மூக்கைப் பொத்திக்கொண்டு நான் தள்ளி உட்கார்ந்தால், "ஸ்கூல் வேன் ஓட்டுறவளைக் கட்டிக்கிட்டு மல்லிப்பூ வாசம் கேக்குறீங்களாக்கும்?" என்பாய். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது என் கையில் அதே நாற்றம்.

நாளை துறையூரில் நம் மகளுக்கு வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு அவளை ஸ்ரீரங்கம் அழைத்து வர வேண்டும். வாடகைக் கார் சொல்கிறேன் என்றேன். "அம்மா வண்டியிலதான்ப்பா வருவேன்" என்று முடித்துவிட்டாள். உன் பெண்ணல்லவா! நேற்று மாலை வேனை எடுத்தால், காவிரிப் பாலத்தில் பின்னாலிருந்து ஊளைச் சத்தம். பாலக்கரையில் கடையைப் பூட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் குனிந்து பார்த்தார். "சீல் லேசா கசிஞ்சிருக்குங்க சார். கிரவுன்ல ஆயில் கம்மி. மாத்திட்டு ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது. நாளைக்குக் கடை லீவு" என்றார்.

ஒண்ணும் ஆகாதாம். பின் அச்சின் நடுவே இருக்கும் அந்த உருண்டைக்குள் பல்சக்கரங்கள் எண்ணெய் இல்லாமல் உரசி, நடுவழியில் இறுகிப்போனால்? நிறைமாதம் நெருங்கும் பெண்ணை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்பேன்? பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன் நான். "உங்க பயத்தை டேங்குல ஊத்தினா வண்டி துறையூர் போயிட்டு வந்துரும்" என்று நீ கேலி செய்வாய். ஆனால் இந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது.

ஒருமுறை நீ காய்ச்சலில் படுத்திருந்தபோது, உதவுகிறேன் பேர்வழி என்று நானே எண்ணெய் மாற்றப் போனேனே! கீழ் நட்டைத் திறந்து முழுவதையும் வடித்தேன். பிறகுதான் புது எண்ணெய் ஊற்றும் மேல் நட்டைத் தொட்டேன். துருவேறி இறுகியிருந்தது. ஸ்பேனரை அழுத்த அழுத்த நட்டின் முனை மழுங்கி வழுக்கியது. உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, ஊற்ற வழியும் இல்லை. மறுநாள் பிள்ளைகளுக்குப் பரீட்சை. நீ காய்ச்சலோடு வீடு வீடாகப் போய் எட்டுப் பிள்ளைகளையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டாய். திரும்பி வந்து கஞ்சி குடித்தபடி, "மேல திறக்காம கீழ தொடாதீங்க" என்றாய். அவ்வளவுதான். திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அதற்குப் பிறகு நான் ஸ்பேனரைத் தொடவே இல்லை.

இன்று எண்ணெய் சூடேற வேனை ஒரு சுற்று ஓட்டிவந்து, நீ வைத்திருந்த நான்கு கருங்கல் பலகைகள் மேல் சமமாக ஏற்றி நிறுத்தினேன். டூல்ஸ் பெட்டியில் ஸ்பேனருக்கடியில் ஒரு சிவப்பு நகப்பூச்சு பாட்டில், காய்ந்துபோய்க் கிடந்தது. நகத்தில் கறுப்பு விளிம்போடே திரிந்த உனக்கு அது எதற்கு? மகளுடையதாக இருக்கும் என்று ஓரமாக வைத்தேன்.

வேனுக்கடியில் மல்லாந்தபோது எல்லா நட்டுகளும் ஒரே மாதிரி தெரிந்தன. துணியால் சேற்றைத் துடைத்தேன். உருண்டையின் பக்கவாட்டில் ஒரு நட்டின் மேல் சிவப்பாக ஒரு புள்ளி. அடியில் இருந்ததன் மேல் இரண்டு புள்ளி.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய ஞாயிறு. நான் கெஞ்சியும் கேளாமல், "இதோ வந்துர்றேங்க" என்று வேனுக்கடியில் போனாய். அரை மணி நேரம். இந்த நிலைமையில் இவளுக்கு வண்டியா முக்கியம் என்ற கோபத்தில் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வரமாட்டோம் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அதை என்னிடம் சொல்லாமல் புள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

மேல் நட்டு சுலபமாகச் சுழன்று வந்தது. மரையில் கிரீஸ் தடவியிருந்தாய். அங்கேயே படுத்துக்கொண்டு அழுதேன்.

விரலை உள்ளே விட்டேன், நனையவில்லை; எண்ணெய் அவ்வளவு இறங்கியிருந்தது. பிறகுதான் கீழ் நட்டைத் திறந்தேன். "இரும்புத்தூள் மாவாட்டம் வந்தா பயமில்ல, துண்டு துண்டா வந்தாதான் பயம்" என்பாயே, வடிந்ததை விரலிடையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். மாவுதான். கீழே மூடி, மேல் துளை வழியும்வரை புதுசு ஊற்றினேன். பாலம்வரை ஓட்டினேன். சத்தம் இல்லை. இல்லையா, எனக்குத்தான் கேட்கவில்லையா என்று இன்னொரு முறையும் போய்வந்தேன்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நாளை வழியெல்லாம் காது பின்னால்தான் இருக்கும். ஸ்பேனர் பட்டு உன் முதல் புள்ளி பாதி உரிந்துவிட்டது. மகளிடம் நகப்பூச்சு கேட்டு வாங்க வேண்டும். எதுக்குப்பா என்பாள். பிள்ளை பிறந்து அவள் எழுந்து நடமாடட்டும், வேனுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.