வாசலில் மாட்டிய முகம்

8 ஜூன் 2006
பீங்கான் பட்டறையில் பதினோரு வருடமாகப் பில் எழுதுகிறேன். இன்றுதான் முதலாளி தேவநாதன் என் முகத்தைப் பார்த்தார். "புது அயிட்டம் ஒண்ணு போடறோம். ஒங்க மூஞ்சி கெடைக்குங்களா?" புத்தர் சிலை என்று ஊகித்தேன். நான் யார் என்று நூலகத்தில் ஆறு அலமாரி தேடியிருக்கிறேன். விடை பட்டறையிலேயே இருந்திருக்கிறது.

9 ஜூன்
அச்சு எடுக்கும் கனகா என் மூக்கில் இரண்டு குழாய் செருகி, முகமெங்கும் பிளாஸ்டரைக் குழைத்து அப்பினாள். இறுகும்போது சுட்டது. "அசையாதீங்க சார்." இருபது நிமிடம் கருணையோடு இருந்தேன்.

26 ஜூன்
சூளை திறந்தார்கள். திருஷ்டி பொம்மை. கொம்பு, கோரைப்பல், தொங்கும் நாக்கு. முகத்தில் வேறெதுவும் மாற்றவில்லையா என்று கேட்டேன்.
"தேவைப்படலைங்க," என்றார் முதலாளி.

3 ஜூலை
விருத்தாசலத்தில் கட்டும் வீட்டிலெல்லாம் தொங்குகிறேன். பஸ்ஸில் ஒரு குழந்தை என்னைப் பார்த்து அழுதது. அதன் அம்மா திருப்தியாகச் சொன்னாள்: "இனிமே இதுக்குக் கண்ணு படாது."

9 ஜூலை
ஸ்ரீமுஷ்ணத்தில் பெண் பார்க்கப் போனோம். பதினேழாவது. புது வீடு, வாசலில் நான். பெண்ணின் அப்பா விருத்தகிரி என்னைப் பார்த்தார், நிலைக்கு மேலே பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கேசரி வந்தது. பெண் வரவில்லை. கடைசியில் அம்மாவிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "தப்பா நெனைக்காதீங்கம்மா. வாசல்ல மாட்டுறத வூட்டுக்குள்ள கூட்டியார முடியுங்களா?"
தர்க்கத்தில் பிழை காண முடியவில்லை. திரும்பும்போது அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

10 ஜூலை
கொம்பு என்னுது இல்ல. நாக்கும் இல்ல. மூஞ்சி மட்டுந்தான என்னுது — அதத்தான வேணாங்கறாங்க?

11 ஜூலை
அச்சை உடைத்துவிடச் சொன்னேன். "ஆவணி முகூர்த்தம் முடியட்டுங்க," என்றார் முதலாளி.

20 ஆகஸ்ட்
பெரியார் நகரில் ராஜாம்பாள் என்பவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். வாங்கிய பொம்மை உடைந்துவிட்டதாம். "ஒரு மணி நேரம் நீங்களே வாசல்ல நின்னீங்கன்னா புண்ணியமாப் போவும்." நின்றேன். நாக்கை நீட்டச் சொல்லவில்லை, பண்பானவர். சாப்பாடு வாசலுக்கே வந்தது.

21 ஆகஸ்ட்
கனகாவிடம் கத்திவிட்டேன். "புத்தர்னு நெனச்சில்ல ஒக்காந்திருந்தேன்!"
"தெரியும் சார். அச்சுலயே தெரிஞ்சுது."
"அப்புறம் ஏன் கொம்பு?"
"மொதலாளி வைக்கச் சொன்னாரு. அதுக்கு முன்னாடி வெறும் மொகமா ஒண்ணு ஊத்தி எடுத்துட்டேன். எங்க வூட்டுல இருக்குது."
"வாசல்லயா?"
சிரித்தாள். "அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்து பாருங்களேன்."

3 செப்டம்பர்
போனோம். வாசலில் ஒன்றும் தொங்கவில்லை. உள்ளே டி.வி.க்கு மேலே இருந்தது. கொம்பில்லை, பல்லில்லை, காதோரம் சூளையில் விட்ட ஒரு விரிசல் மட்டும். அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னை.
கேசரி எதுவும் வரவில்லை. கனகா வந்து உட்கார்ந்தாள்.