முடிச்சுப் போடாத மஞ்சள் சட்டை

மச்சான்,

நேற்று வைலெ ஸ்டேஷனில் வண்டி மாறி கோபன்ஹேகன் ரயிலில் ஏறினேன். எதிர் இருக்கையில் தாடி வைத்த ஒரு டெனிஷ்காரன். காதில் பாட்டு, மடியில் நூல் பந்து, கையில் குரோசே ஊசி. தொப்பி பின்னிக்கொண்டிருந்தான். பெட்டியில் ஒருத்தர்கூட அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இதே பாதையில் நீ இதையே செய்தபோது பெட்டி முழுவதும் உன்னைத்தானே பார்த்தது! பக்கத்தில் இருந்த என்னையும் சேர்த்துத்தான்.

நீ சிகரெட்டை விடுவதற்காகத் தொடங்கிய பழக்கம் அது. அகதி முகாமில் பெண்களுக்கென்று வைத்திருந்த கூடையிலிருந்து ஒரு ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு வந்தாய். யாரும் உனக்குக் காட்டித் தரவில்லை. மன்னாரில் உன் அம்மா மாதா கோயில் பீடத்துக்கு விரிப்புப் பின்னுவதைப் பார்த்த ஞாபகத்தில் ஒப்பேற்றினாய். முதலில் பின்னியது என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "மேசை விரிப்படா" என்றாய். மூன்று மூலையோடு மேசை விரிப்பு!

பிறகு இக்காஸ்ட் ஊரில் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தோம். நான் தனிக்கட்டை. நீ மனைவி றீற்றாவையும் கைக்குழந்தை ஜெனியையும் மன்னாரில் விட்டுவிட்டு வந்தவன். இருவரையும் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தாய். அடுத்த குளிருக்கு முன்னால் வந்துவிடுவார்கள் என்று மஞ்சள் நூல் வாங்கி ஜெனிக்குக் கம்பளிச் சட்டை தொடங்கினாய்.

அளவுக்கு என்ன செய்வது? றீற்றா அனுப்பிய படத்தில் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கதவின் உயரம் யாருக்குத் தெரியும்? கீழ்வீட்டு டெனிஷ்காரியின் மகளுக்கும் அவள் வயதுதான் என்று அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு நெஞ்சுச் சுற்றளவு எடுத்தாய். பாலும் வெண்ணெயும் தின்று வளர்ந்த பிள்ளை அது. சட்டையை ஞாயிறு பூசைக்குக் கொண்டுபோய்க் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? சனங்கள் சிரித்த சிரிப்பு! "தம்பி, இதுக்குள்ள எங்கட பிள்ளையள் ரெண்டு பேர் போகலாம்" என்றார் ஒரு அக்கா. உனக்கு முகம் சிவந்துவிட்டது. பிரித்துப் பின்னு என்று நானும் சொன்னேன்.

"பிரிக்கமாட்டன். வளருவாள்தானே."

கழுத்திலிருந்து கீழே பின்னிக்கொண்டு போகிற சட்டை அது. கடைசிக் கண்ணிக்கு முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. நீ போடவில்லை. அந்தக் கண்ணியை ஒரு சேப்டி பின்னில் மாட்டி வைத்தாய். "அவள் போட்டுப் பார்த்த பிறகுதான் முடிச்சு" என்றாய். கண்ணி நழுவினால் எல்லாம் உருவிக்கொண்டு போய்விடுமே என்றேன். "அதுக்குத்தானே பின்" என்றாய். உன்னோடு கதைத்து வெல்ல முடியாது.

அந்தக் குளிருக்கு அவர்கள் வரவில்லை. கோபன்ஹேகனுக்குப் போய்க் குடிவரவு அலுவலகத்தில் கேட்டோம். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். மறுபடியும் போனோம். மறுபடியும் பரிசீலனை. அப்போது கடலுக்கு மேலே பாலம் இல்லை. நூபோர்க் துறைமுகத்தில் ரயிலே கப்பலுக்குள் ஏறும். சனங்கள் கோப்பி குடிக்க மேலே போவார்கள். நீ அசையாமல் பெட்டிக்குள்ளேயே இருந்து பின்னுவாய். புதிதாக வந்த படத்தில் கவுனுக்குக் கீழே ஜெனியின் முழங்கால் தெரிந்திருக்கும். சட்டை நீள வேண்டும். அதே மஞ்சள் கடையில் கிடைக்காததால் கீழே பச்சையில் ஒரு பட்டி வந்தது. அடுத்த குளிருக்குச் சிவப்பு. அகலம் மட்டும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. கீழ்வீட்டுப் பிள்ளையின் புண்ணியம்!

எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை மேலிடத்துச் சொல்லில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அதற்கு முன்னால் நீ உன்னையே அல்லவா குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாய்? படிவத்தில் ஏதாவது பிழையாக எழுதிவிட்டேனோ என்று எத்தனை தடவை என்னைக் கேட்டாய். சண்டை நடந்துகொண்டிருந்த மன்னாரிலிருந்து கடிதம் வராத கிழமைகளில் நீ சமைக்கவும் மாட்டாய், கதைக்கவும் மாட்டாய். எனக்குப் பயமாக இருந்தது மச்சான். றீற்றாவும் ஜெனியும் உயிரோடு வந்து சேருவார்களா என்பதுதான் அந்த வீட்டில் ஒரே கேள்வி. நாங்கள் இருவரும் அதை வாய்விட்டுக் கேட்டதே இல்லை.

கடைசியில் வந்தார்கள். கோபன்ஹேகன் விமான நிலையத்துக்கு நானும் வந்தேன். றீற்றா உன்னைக் கட்டிக்கொண்டு அழுதா. ஜெனி தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். நீ குனிந்து கை நீட்டினாய். அவள் தாயிடம் கேட்டாள்: "அம்மா, இந்த மாமாவும் எங்களோட வாறாரோ?"

நீ நிமிர்ந்து, பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாய். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ரயிலில் பிள்ளைக்குக் குளிரில் பல்லுக் கிட்டியது. றீற்றா உன் பையிலிருந்து மஞ்சள் சட்டையை எடுத்துப் போட்டுவிட்டா. அகலம் சரி. நீளம் போதவில்லை, படம் எடுத்த பிறகும் வளர்ந்திருந்தாள். கப்பலுக்குள் ரயில் ஏறியதும் மற்றச் சனங்கள் எல்லாரும் மேலே போய்விட்டார்கள். நீ பையிலிருந்து ஊசியை எடுத்தாய். மிச்சம் கிடந்தது நீலம்தான். ஜெனியைச் சீற்றில் ஏற்றி நிற்க வைத்து, பின்னைக் கழற்றி, "இதைப் பிடி" என்று என் கையில் வைத்துவிட்டு, அவள் போட்டிருந்த சட்டையிலேயே பின்னத் தொடங்கினாய்.

விளிம்பைச் சுற்றிப் பின்ன வேண்டுமே. "கொஞ்சம் திரும்பு ராசாத்தி" என்றாய். அவள் திரும்பினாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். முதுகைக் காட்டி, பக்கத்தைக் காட்டி, பிறகு உன் முகத்துக்கு நேரே வந்துவிடுவாள். முதல் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த சுற்றில் உன் மீசையைப் பார்த்தாள். டிக்கெட் பார்க்கிறவன் வந்து சீற்றில் ஏறி நிற்கக் கூடாது என்றான். எனக்கு வந்ததே கோபம்! எனக்குத் தெரிந்த அரைகுறை டெனிஷில் அவனோடு மல்லுக்கு நின்றேன். நீ அவள் சப்பாத்துகளைக் கழற்றிக் கீழே வைத்தாய். அவன் கொஞ்ச நேரம் உன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தலையாட்டிவிட்டுப் போனான்.

கப்பல் கரை தட்டுகிறபோது சட்டை முழங்காலை மூடிவிட்டது. ஜெனி குனிந்து நீலத்தைத் தொட்டுப் பார்த்தாள். "முடிஞ்சுதோ அப்பா?" என்று கேட்டாள். றீற்றா சொல்லிக் கொடுக்கவில்லை. நான் பக்கத்தில்தானே இருந்தேன்.

"ஓம், முடிஞ்சுது" என்றாய். முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாய். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாய்.

பிறகு, எங்கள் விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்ட அந்த விவகாரத்தில் டென்மார்க் அரசாங்கமே விழுந்தபோது தொழிற்சாலையில் எல்லாரும் உன்னிடம் வந்து கை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, "விழுந்தா எனக்கென்னடா, அவள் நடக்கப் பழகினதை நான் பார்க்கேல்லையே" என்றாய்.

போன மாசி மாதம் உன்னை அடக்கம் செய்தோம். ஜெனி அந்தச் சட்டையைக் கோயிலுக்குக் கொண்டுவந்திருந்தாள். பெட்டிக்குள் வைக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை. "இதை நான் குடுக்கமாட்டன் மாமா" என்று மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நல்லது, அது அவளிடமே இருக்கட்டும்.

நேற்று ரயில் பாலத்தைத் தாண்டிக் கடலுக்கு அடியில் சுரங்கத்துக்குள் போனபோது என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கப்பலில் நீ தந்த அந்தச் சேப்டி பின் அங்கேதான் இருந்தது. எந்தச் சட்டை மாற்றினாலும் அதையும் மாற்றிக் குத்திக்கொள்வேன். அன்றைக்குப் பிறகு நீ அதைத் திருப்பிக் கேட்கவில்லை. உனக்குத் தேவைப்படவும் இல்லை.