அஸ்மிதாவின் அம்மா வந்திருக்கிறாள்

லலித்பூர்,
பாகுன் 12

அன்பு மகள் சுஜனாவுக்கு அம்மா எழுதுவது. கும்பேஸ்வரர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் யென்ஸ் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, மாடியில் போட்ட முள்ளங்கி நன்றாக வந்தது. இரண்டு வாரமாக நீ போன் செய்தபோதெல்லாம் அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று அப்பா சொன்னது பொய். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் குரலைக் கேட்டால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று பயம். மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது இதைப் படி, தனியாகப் படிக்காதே.

அஸ்மிதாவை உங்களுக்குத் தத்துக் கொடுப்பதென்று ஒதுக்கிய நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் காப்பகத்துக்குப் போய் அவளுக்கு ஊட்டிவிட்டு வருகிறேனே, போன மாதம் அப்படிப் போனபோது வாசலில் காவல்காரர் ஒருத்தியை விரட்டிக்கொண்டிருந்தார், உன் பிள்ளை இங்கே இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது, போ என்று. அவள் ஓடிவந்து என் சால்வையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா, நீங்க உள்ளே போய்வர்றவங்க, அஞ்சு வயசுப் பொண்ணு, ஜாவுகலான்னு பேரு, இடது கணுக்கால்ல அடுப்புச் சூடு பட்ட தழும்பு இருக்கும், பாத்தீங்களா என்றாள். நம் அஸ்மிதாவின் காலில் இருக்கும் அந்தத் தழும்பில் வாராவாரம் கடுகெண்ணெய் தடவுகிறவளே நான்தான். என்ன சொன்னேன் தெரியுமா. அப்படி யாரும் இல்லையே தங்கச்சி என்றேன். மூன்று தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தவள் நீ, நான்கு வருஷம் இந்த ஃபைலுக்காகக் காத்திருந்தவள், அது ஒன்றுதான் மனதில் இருந்தது. உள்ளே போய்க் குழந்தைக்கு ஊட்டினேன். அன்றைக்குப் பார்த்து இன்னும் இன்னும் என்று கேட்டுச் சாப்பிட்டாள்.

நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். நீ சொல்லலைன்னா யாருக்குத் தெரியப்போகுது, எனக்கும் சொல்லாம இருந்திருக்கலாமே என்று கோபப்பட்டார். அப்புறம் அவரே செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினார். விசாரித்துத் தேடிப் போனோம், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெயர் பிஷ்ணுகலா ரோகாயா, மேற்கே மலைக்குள் இருக்கிற ஜும்லாக்காரி, புருஷன் இல்லை. காட்மாண்டுவில் படிக்க வைக்கிறேன், தசைன் பண்டிகைக்குக் கூட்டிவந்து காட்டுகிறேன் என்று ஊருக்கு வந்த ஒருத்தன் ஏதோ தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு குழந்தையைக் கொண்டுபோயிருக்கிறான். இரண்டு தசைன் போய்விட்டது. நம் ஃபைலில் பேருந்து நிலையத்தில் அனாதையாகக் கிடைத்த குழந்தை என்று எழுதியிருக்கிறதே, அந்தப் பக்கத்தை அப்பா எனக்கு எத்தனை தடவை வாசித்துக் காட்டியிருக்கிறார்.

அவளைக் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். நடத்துகிறவர் எனக்கு நாற்காலி போட்டு, உங்க பொண்ணுக்கு வர்ற பிள்ளையை உங்க கையாலயே தட்டிவிடுறீங்களேம்மா, இப்படி யாராவது செய்வாங்களா என்றார். அப்போதுதான் பிஷ்ணுகலாவுக்கு நான் யார் என்று தெரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். குழந்தையைக் கொண்டுவந்தார்கள். பெற்றவள் ஜாவுகலா என்று கூப்பிட்டதும் அது என் சால்வைக்குள் புகுந்துகொண்டு, இவங்க யாரு பாட்டி, என்ன பேசுறாங்க என்று கேட்டது. ஊர்ப் பேச்சு மறந்துபோயிருக்கிறது. வெளியே வந்ததும் பிஷ்ணுகலா, அன்னைக்கு இல்லைன்னு சொன்னீங்கல்ல அக்கா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை, அப்பா கேட்டால் மட்டும் பதில் சொல்கிறாள்.

உங்கள் தத்து விண்ணப்பம் இருக்கிறவரை குழந்தை உங்களுக்கு ஒதுக்கப்பட்டதுதானாம், அதற்குள் பெற்றவள் கேட்டால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்று நாங்கள் போய்க் கேட்ட வக்கீலம்மா சொல்கிறார். நீங்களாக விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றால், ஊரிலிருந்து பிறப்புச் சான்று வந்ததும் குழந்தையைப் பெற்றவளிடம் கொடுத்துவிடலாமாம். என்னை இப்போது காப்பகத்துக்குள் விடுவதில்லை. அஸ்மிதா சாப்பிட்டாளா என்றுகூடத் தெரியவில்லை. வேறு குழந்தை தருகிறோம் என்று காப்பகம் நடத்துகிறவர் இன்னொரு ஃபைலை எடுத்துக் காட்டினார், அதிலும் பேருந்து நிலையத்தில் கிடைத்த குழந்தை என்றுதான் எழுதியிருந்தது.

நீ என்னைத் திட்டு, பேசாமல் இரு, எதுவானாலும் வாங்கிக்கொள்கிறேன். அன்றைக்கு வாசலில் அவள் கேட்டபோதே ஆமாம் என்று சொல்லியிருந்தால் உனக்கு எழுத எனக்குக் கொஞ்சமாவது முகம் இருந்திருக்கும். வாய்விட்டு அழு, ஆனால் சாப்பிடாமல் இருக்காதே, மாப்பிள்ளையையும் பட்டினி போடாதே. உனக்காக என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை, நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் இருக்க வேண்டும், அதற்கு என் ஆசீர்வாதம். திரும்பப் பெறும் தாளை இதோடு வைத்திருக்கிறேன். முன்பக்கம் அடியில் நீ, பின்பக்கம் மாப்பிள்ளை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன்.

உன் அம்மா,
ஞானிசோபா